தண்ணீர் எங்கே போனது

வடக்கு ஓரத்துப் பேட்டரி அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்ததும் ஆக்கெஷு நிலையத்தின் சிக்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ரயில் ஓட்டுநரோடு பேசுகிற பெரிய ரேடியோவும் அதோடு செத்தது. செல்போன் கோபுரம் முந்தைய நாளே கண்ணை மூடிவிட்டது. எனக்கு மிஞ்சியவை இரண்டே இரண்டு. பக்கத்து நிலையமான மைதோபேயோடும் கட்டுப்பாட்டு அறையோடும் பேசுகிற பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்று. தண்டவாளத்தில் காவல் நிற்கும் கேங்மேனோடு பேசுகிற வாக்கி டாக்கி ஒன்று. அந்த வாக்கி டாக்கி ரயிலோடு பேசாது. இருபத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராகக் குப்பை கொட்டியிருக்கிறேன், இப்படியொரு ஏப்ரலைப் பார்த்ததில்லை.

சிக்னல் இல்லாவிட்டால் ரயில் ஓடாது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நன்றாக ஓடும். அந்த நிலையத்து மாஸ்டர் தொலைபேசியில் "அனுப்பலாமா?" என்று கேட்பார். இந்த நிலையத்து மாஸ்டர் "அனுப்பு" என்றால் அனுப்புவார். இருவரும் நேரத்தைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் சங்கதி. ஆக, அன்றைக்குப் பச்சை விளக்கும் நான்தான், சிவப்பு விளக்கும் நான்தான்.

மைதோபேயில் காலை பத்து மணியிலிருந்து ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. மேற்கே ஆறு கரையை உடைத்துக்கொண்டு புகுந்த ஊரிலிருந்து இருநூற்று அறுபது பேரை அள்ளிக்கொண்டு வந்த ரயில். மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, படுத்த படுக்கையான கிழவர்கள், கோழிக்கூடை எல்லாம் அதற்குள் அடைந்திருந்தன. அது கிழக்கே போக வேண்டுமென்றால் என் நிலையத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். என் நிலையத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் கராசாய் ஓடையின்மேல் ஒரு சிறுபாலம் இருக்கிறது. புல்வெளியில் உருகிய பனியெல்லாம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. பாலத்தின் வாயை இரண்டு நாளாகப் பனிப்பாளமும் நாணலும் அடைத்திருந்தன. வடக்குப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். தெற்குப் பக்கம் போன வருடத்துப் புல் காய்ந்து கிடந்தது. நடுவில் எங்கள் தண்டவாளக் கரை ஒன்றுதான் அணை மாதிரி நின்றது. அணையாக நிற்கட்டும் என்று அதை யாரும் கட்டவில்லை.

அந்தப் பாலத்தில் காவல் நின்ற கேங்மேன் என் கொழுந்தன். சாகிந்திக் என்று பெயர். இதை எழுதத்தான் செய்கிறேன், வாயால் சொல்ல மாட்டேன். புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. நான் அவனைக் 'கடைக்குட்டி' என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தாறு வயதாகி மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்பன் ஆன பிறகும் அதே கடைக்குட்டிதான். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அவனுக்கு ஐந்து வயது. அடுத்த குளிர்காலமே மாமியார் போய்விட்டார். அதே வருடம் எனக்கு மேயிர் பிறந்தான். என் மகனுக்கும் கொழுந்தனுக்கும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டித்தான் இரண்டு பேரையும் ஆளாக்கினேன். இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் பார்த்ததில்லை என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை மணிக்கு ஒருமுறை அவன் பாலத்துச் சுவரில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோட்டைத் தண்ணீர் தொட்டால் ரயில் கிடையாது. நான்கு விரல் கீழே இருந்தாலும் கிடையாது என்று நானாக வைத்துக்கொண்டேன்.

"அண்ணி, நாலு விரல் கீழ நிக்குது."

"ஏறுதா?"

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. உங்க பிடிவாதம் மாதிரி அப்பிடியே நிக்குது."

"வாய் நீளுது உனக்கு. ஓரமா நிக்காதடா. நீச்சலும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"முழுகினா முழுகிட்டுப் போறேன். எம் பொண்டாட்டிக்கு ஒரு ஆள் சாப்பாடு மிச்சம்."

"நீ திங்கறதுக்கு மூணு ஆள் சாப்பாடு மிச்சம்டா கொழுந்தனாரே."

வெள்ளக் காலத்தில் பாலத்தின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும் என்பது விதி. மேற்குப் பக்கம் நின்றவன் தன் ஆட்டுப்பட்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டதென்று பத்து மணிக்கு அழுதான். போய் உன் ஆடுகளைப் பார் என்று அனுப்பிவைத்தேன். அது என் முதல் தப்பு. அன்றைக்கு அது தப்பாகவே தெரியவில்லை, ரயில்தான் நிற்கிறதே என்று நினைத்தேன்.

பகல் முழுவதும் தொலைபேசி என் உயிரை வாங்கியது. மைதோபேயின் மாஸ்டர் சாபிரா சின்னப் பெண், பாவம், அழாத குறையாகக் கெஞ்சினாள்.

"உல்போசின் அக்கா, குழந்தைங்களுக்குக் குடிக்கத் தண்ணி தீந்து போச்சு. சுத்திலும் தண்ணி, வாயில வைக்கிற மாதிரி ஒரு சொட்டு இல்ல. பெரியவரு ஒருத்தருக்கு மூச்சு வாங்குது. எப்ப அக்கா விடுவீங்க?"

கட்டுப்பாட்டு அறையில் இருந்த முஹித்துக்குக் கெஞ்சத் தெரியாது.

"என்ன மேடம், உங்க ஊருத் தண்ணி இன்னிக்கு எறங்குமா, இல்ல அடுத்த வருஷமா?"

"நீங்க ஒரு உத்தரவு போட்டு அனுப்புங்க தம்பி. உடனே எறங்கிரும்."

இப்படி வாயாடிக்கொண்டிருந்தாலும் சாபிரா சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அந்தக் குழந்தைகள் என் பெயரைச் சொல்லியே அழுவதுபோல இருந்தது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாக்கி டாக்கி அலறியது.

"அண்ணீ! சூயின்ஷி! சூயின்ஷி!"

எங்களில் நல்ல செய்தியை முதலில் கொண்டுவருகிறவன் இப்படித்தான் கத்துவான். கேட்டவர்கள் அவனுக்கு ஏதாவது பரிசு தந்தே ஆக வேண்டும். மகன் பிறந்தாலும் சூயின்ஷி, தொலைந்த குதிரை திரும்பி வந்தாலும் சூயின்ஷி. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனது துள்ளி எழுந்துவிடும். என்ன செய்தி, எப்படி, ஏன் என்று யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நல்லதைக் கிண்டிக் கிளறினால் அது கெட்டுப்போகும் என்று ஒரு பயம்.

"என்னடா, சொல்லு! என்ன வேணும்னு கேளு, தரேன்!"

"தண்ணி எறங்குது அண்ணி! ஒரு சாண் எறங்கியாச்சு! கண்ணு முன்னால எறங்குது!"

"நரித்தோல் தொப்பி வாங்கித் தரேன் போடா!" என்று நானும் கத்தினேன்.

வாயெல்லாம் பல்லாக முஹித்துக்குச் சொன்னேன். அவர் தடையை எடுத்தார். ஒரு சாண் இறங்கிய தண்ணீருக்கு எதிராக விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. உடனே சாபிரா கூப்பிட்டாள்.

"அக்கா, முந்நூத்தி முப்பத்திரண்டாம் நம்பர் ரயிலை அனுப்பலாமா?"

"அனுப்பு. நாப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போக வேண்டாம்னு சொல்லு. காத்திருக்கேன்."

இரண்டு மணி நாலு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு எட்டுக்கு ரயில் கிளம்பிவிட்டது என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ கைதட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பால் ஊற்றி ஒரு கிண்ணம் டீயை எடுத்துக்கொண்டு தெற்குச் சன்னல் பக்கம் போனேன். காய்ந்த புல்லில் எங்கள் பெண் ஒட்டகம் படுத்திருக்கும். அது எழுந்து நிலையத்தைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது. சோம்பேறிக் கழுதை, இந்த நேரத்தில் தானாக எழுந்திருக்காதே என்று பார்த்தேன். அதற்குப் பின்னால், கராசாயின் பழைய பள்ளம் வளைந்து வருகிற இடத்தில், தரை பளபளத்தது. பளபளப்பு நகர்ந்தது. காவி நிறத்தில் தண்ணீர்.

தெற்குப் பக்கம் தண்ணீர் வர வழியே கிடையாது.

டீயைக் கீழே வைத்தேனா, போட்டேனா தெரியவில்லை. வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"கடைக்குட்டி, பாலத்து வாயில இருந்த பனி போயிருச்சா?"

"இல்ல அண்ணி. அப்பிடியேதான் அடைச்சுக்கிட்டு இருக்கு. ஏன்?"

"அப்ப எறங்கின தண்ணி எங்கடா போச்சு?"

அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஜல்லியில் அவன் ஓடும் சத்தம் கேட்டது. பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறான்.

"அண்ணி..." குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "பாலத்துக்கு அந்தாண்ட, கரைக்குக் கீழ மண்ணு ஓடுது. தண்டவாளக் கட்டைக்கு அடியில வெளிச்சம் தெரியுது. எட்டுக் கட்டை... இல்ல, ஒம்பது. எல்லாம் தண்டவாளத்துல தொங்குது. கீழ ஒண்ணுமே இல்ல."

"தண்டவாளம்?"

"முழுசா இருக்கு. நேரா, அழகா இருக்கு. எஞ்சின்ல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது அண்ணி."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்தொன்பது. மைதோபேயிலிருந்து பாலம் பதினாலு கிலோமீட்டர். நாற்பதில் வந்தால் இரண்டு இருபத்தொன்பதுக்குப் பாலத்தில் இருக்கும். தொலைபேசியைச் சுழற்றினேன். சாபிரா எடுத்தாள். ரயில் கண்ணில் படுகிறதா என்றேன். எப்போதோ போய்விட்டதே அக்கா, என்ன ஆச்சு என்றாள். போனை வைத்துவிட்டேன். மைதோபேயின் ரேடியோவுக்கும் அந்தத் தூரம் எட்டாது; உலகத்தில் யாராலும் அந்த ஓட்டுநரோடு பேச முடியாது. பாலத்தில் நிற்கிற ஒருத்தனைத் தவிர யாராலும் அந்த ரயிலை நிறுத்த முடியாது. அவனோ பாலத்தின் இந்தப் பக்கம், என் நிலையத்துப் பக்கம் இருந்தான்.

"இந்தப் பக்கம் நின்னு கொடி காட்டினா?"

"அந்தாண்ட மேட்டை வெட்டின வளைவு இருக்கே அண்ணி. திரும்பின உடனே பாலம்தான். என்னைப் பாக்கறப்ப பாலத்துமேல இருப்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "வளைவைத் தாண்டிப் போய், பையில இருக்கிற வெடியைத் தண்டவாளத்துல கட்டணும். சக்கரம் ஏறி வெடிச்சா நிறுத்திருவாங்க."

வளைவைத் தாண்ட வேண்டுமென்றால் தொங்குகிற அந்தத் தண்டவாளத்தின்மேல் போக வேண்டும். கீழே பனித் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அவனுக்கு நீச்சல் தெரியாது.

"அண்ணி, நீங்க சொன்னாப் போறேன்."

அவன் அண்ணன், என் புருஷன், போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் பெரிய தலை நான்தான். பெண் பார்க்கப் போகவும், குதிரை விற்கவும், எதற்கும் அவன் என் வாய் பார்த்துத்தான் நிற்பான். ஊரில் எல்லா வீட்டிலும் வழக்கம் அப்படித்தான். பாவி, இதற்கும் நின்றான்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு இருநூற்று அறுபது பேர் நினைவுக்கு வரவில்லை. மேசையில் திறந்து கிடந்த புத்தகத்தில் என் கையெழுத்துத்தான் கண்ணில் பட்டது. இரண்டு மணி நாலு நிமிடம். மை இன்னும் பளபளத்தது. அதற்குப் பிறகுதான் சாபிராவின் போனில் கேட்ட அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்தது.

"போடா," என்றேன். "தவழ்ந்து போ. நடுவுல நிக்காத. கீழ பாக்காத."

"சரி அண்ணி."

வாக்கி டாக்கி அமைதியானது.

அடுத்த பத்து நிமிடத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று பின்னால் விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். நான்கு முறை கூப்பிட்டேன் என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். நானூறு முறை கூப்பிட்டிருப்பேன். பிறகு வெளியே ஓடினேன். நடைமேடையில் தண்ணீர் பூட்சுக்கு மேலே ஏறியது. மேற்கே பார்த்தால் கரை ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. அந்தத் தூரத்தில் ஒரு மனிதன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். தெரிகிறானா என்று கண் எரியப் பார்த்தேன். ஒரு புள்ளி அசைந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது பறந்து போனது, காக்கை.

ஒரு கட்டையின் ஆணி கழன்றால் போதும். அவன் கை வழுக்கினால் போதும். கரைக்குப் போய்ச் சேர்ந்தும், ஓடுவதற்குள் ரயில் வந்துவிட்டால் எல்லாம் வீண். அவனும் போவான், அவர்களும் போவார்கள். அனுப்பியதும் நான், போகச் சொன்னதும் நான். அல்லாவே, அல்லாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் மனைவியின் முகம் வந்தது. என்ன சொல்லி அழைப்பேன் அவளை, எந்த வாயால் சொல்வேன் என்று நினைத்தபோது தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு இருபத்தொன்பது ஆயிற்று. முப்பது ஆயிற்று.

'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் கதவைச் சாத்தின மாதிரி. இன்னொன்று.

வெடி மூன்று கட்ட வேண்டும். மூன்றாவது கேட்கவில்லை. இரண்டாவதிலேயே ரயில் நின்றுவிட்டதா? அல்லது மூன்றாவதைக் கட்ட அவனுக்கு நேரம் இல்லாமல் ரயில் வந்துவிட்டதா? ரயில் நின்றால் ஓட்டுநர் ஊதுவார், ஆனால் வெடிச் சத்தமே அரைகுறையாக வந்த அந்த எதிர்க்காற்றில் ஊதல் வந்து சேருமா தெரியவில்லை. ஒரு ரயில் தண்ணீருக்குள் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் பனி உடைகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் இதுதான் அது என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தினால் எதுவும் கேட்காதே என்று மறுபடி எடுத்தேன்.

உள்ளே தொலைபேசி அடித்தது. முஹித்.

"ரயில் வந்திருச்சா மேடம்?"

"வரல."

"ஏன்?"

சொன்னேன்.

"ஆள் அனுப்பறேன்," என்றார், கிண்டலே இல்லாத குரலில். எங்கிருந்து அனுப்புவார்? நாலாபுறமும் தண்ணீர்.

மூன்று இருபதுக்கு மைதோபேயிலிருந்து தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சாபிரா அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, ரயிலைப் பின்பக்கமாவே ஓட்டிக்கிட்டு வந்து சேந்துட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல. பாலத்துக்கு நூத்தி நாப்பது மீட்டர் முன்னால நின்னுச்சாம். இவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே பாலத்துத் தண்டவாளம் மொத்தமும் கவுந்து தண்ணிக்குள்ள போயிருச்சாம்."

"பாலத்துல நின்ன எங்க பையன்?"

"இருக்காரு அக்கா. எஞ்சின்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க. நடுவுல ஒரு கட்டை கழண்டுருச்சாம். இடுப்பு வரைக்கும் தண்ணிக்குள்ள தொங்கினாராம், தண்டவாளத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. வாக்கி டாக்கி போயிருச்சு. கம்பளி போத்தி உக்கார வச்சிருக்கோம்."

நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன், அவள் கேட்டால் கேட்கட்டும்.

"அவங்கிட்ட போனைக் குடு," என்றேன்.

அவள் குரல் தள்ளிப் போனது. ஏதோ பேசினாள். திரும்பி வந்தாள்.

"வேண்டாங்கறாரு அக்கா."

ஆறு நாள் கழித்து, புல்வெளி கொஞ்சம் காய்ந்ததும், ஒரு டிராக்டரில் வந்து இறங்கினான். விசாரணைக்காரர்கள் அதற்குள் வந்து போயிருந்தார்கள். பனி அடைப்பைப் பற்றிக் கேட்காமல் ரயிலை விட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். கண்டனக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். அவனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டானே தவிர, யாரிடமும் காட்டவில்லை. என்னிடம் "சரிங்க அண்ணி", "ஆகட்டும் அண்ணி" என்று புது மாப்பிள்ளை மாதிரி மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

ஒரு மத்தியானம் என் வீட்டுக் கதவை இழைக்க வந்தான். தண்ணீர் குடித்து உப்பிப்போன கதவு, சாத்த வரவில்லை. அதைக் கழற்றி வாசலில் சாய்த்துவைத்து இழைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிசைந்தேன். இழைப்புளி நின்றது.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அன்னிக்கு அங்க மேயிர் நின்னிருந்தா?"

என் மகனைச் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொய் சொல்லியிருக்கலாம். என்னடா கேள்வி இது, இரண்டு பேரும் எனக்கு ஒன்றுதானே என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தோரு வருடம் என் கையால் சாப்பிட்டவன் அவன். என் முகத்தில் எது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

"போன்னு சொல்லியிருக்க மாட்டேன்டா," என்றேன்.

தலையாட்டினான். விரலால் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

"அப்ப அந்த இருநூத்தி அறுபது பேரும் போயிருப்பாங்க."

"ஆமா. போயிருப்பாங்க."

"நல்லவேளை அண்ணி," என்று சிரித்தான், "என்னைப் பெத்தது நீங்க இல்ல."

பழைய கிண்டல் குரலில்தான் சொன்னான். நான் திருப்பி ஏதாவது சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். வாயைத் திறந்தேன். மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தான். பிறகு குனிந்து கதவை மறுபடி இழைக்க ஆரம்பித்தான்.